குளத்தின் கணக்கும் கடலின் கணக்கும்

வரவேற்பறையில் இருக்கும் நன்னீர் மீன்தொட்டியைக் கடல்நீர்ப் பவளத்தொட்டியாக மாற்றிவிட வேண்டும் என்ற ஆசை, மீன் வளர்ப்பவர்கள் பலருக்கும் என்றாவது ஒருநாள் வந்துவிடுகிறது. தங்கமீனும் கப்பியும் ஏஞ்சலும் பழகிப்போன கண்களுக்கு, கோமாளிமீனின் செம்மஞ்சள் நிறமும் பவளத்தின் மெல்லிய அசைவும் வேறோர் உலகமாகத் தெரிகின்றன. தொட்டி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, காற்றுக்குழாய் இருக்கிறது. உப்பு மட்டும்தானே பாக்கி என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேர்ந்த வேதியியலாளர் ஒருவருக்கும் ஏறத்தாழ அப்படித்தான் தோன்றியது. குளத்திலிருந்து கடலுக்குப் போகும் அந்த ஓர் அடியை எடுத்து வைக்க மனிதர்களுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கிறோம். அது ஒரு பொழுதுபோக்கின் கதை மட்டுமன்று. குளத்தில் சரியாக வந்த ஒரு கணக்கு கடலில் ஏன் பிசகியது, அந்தப் பிசகை யார் யார் எப்படித் திருத்தினார்கள், அதற்கு எது விலையாகப் போயிற்று என்பதன் கதையும்கூட.

முதலில் குளத்தின் கணக்கு. ராபர்ட் வாரிங்டன் லண்டன் மருந்தாளர் சங்கத்தில் வேதியியலாளராகப் பணியாற்றியவர். 1841-ல் லண்டன் வேதியியல் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர். 1849-ல் அவர் கண்ணாடிப் பாத்திரமொன்றில் இரண்டு தங்கமீன்களையும், நாடாபோல் நீண்ட இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தையும் வைத்தார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும். செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும். இரண்டும் ஒன்றையொன்று வாழவைக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. சில நாட்களில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின. நீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி படர்ந்தது. அழுகலைத் தின்பதற்காகச் சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகளும் மீனுக்கு உணவாயின. செடி, மீன், நத்தை என்ற மூவருக்கிடையிலான இந்த ஒப்பந்தத்தை 1850-ல் வேதியியல் சங்கத்திற்குக் கட்டுரையாக எழுதி அளித்தார். நன்னீர்த் தொட்டி வைத்திருக்கும் நாம் அறிந்தோ அறியாமலோ இந்த ஒப்பந்தத்தின் கீழ்தான் இன்றும் மீன் வளர்க்கிறோம்.

ஆனால் கடலைக் கண்ணாடிக்குள் கொண்டுவரும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. தொடங்கியவர்கள் இரண்டு பெண்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் ஜான் வில்பிரூ பவர். பிரான்சில் தையற்கலைஞராக இருந்து, மணமாகிச் சிசிலித் தீவின் மெசீனா நகரில் குடியேறியவர். ஆர்கோனாட் என்ற எண்காலியின் வெண்ணிற ஓடு அதனுடையதுதானா, அல்லது துறவி நண்டைப்போல வேறொன்றின் ஓட்டில் அது குடிபுகுந்திருக்கிறதா என்பது அன்று அறிஞர்களிடையே நிலவிய பழைய வழக்கு. 1832-ஆம் ஆண்டுவாக்கில் கண்ணாடித் தொட்டிகளிலும் கடலில் இறக்கிய கூண்டுகளிலும் அந்த உயிரை வளர்த்து, ஓட்டை அதுவே கட்டுகிறது என்று அவர் நிறுவினார். 1838-ல் அவருடைய சேகரிப்பில் பெரும்பகுதி கப்பலோடு மூழ்கிப்போனது. மெசீனாவில் கடல் வாசலிலேயே இருந்தது. நீர் கெட்டால் புதுநீர் எடுத்துக்கொள்ளலாம். கடலை விட்டு விலகிய ஊரில் என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு எழவில்லை.

அந்தக் கேள்வி எழுந்தது ஆனா தின் என்பவருக்கு. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் உயர் குருமார்களில் ஒருவருடைய மனைவி. 1846-ன் இலையுதிர்காலத்தில் டார்க்கீ கடற்கரைக்குச் சென்றிருந்தபோது, பாறைகளில் ஒட்டியிருந்த சிறு கிண்ணப் பவளங்களைக் கண்டு மயங்கி, லண்டனுக்கு எடுத்துவந்தார். ஒரு பவளத்தை ஊசிநூலால் கடற்பஞ்சோடு தைத்துக் கண்ணாடிச் சாடிக்குள் நிறுத்தினார். லண்டனில் கடல் இல்லை. எனவே கொண்டுவந்த நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டியிருந்தது. திறந்த சன்னலருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி நேரம், முக்கால்மணி நேரம் என்று நீரை ஆற்றி ஊற்றுவதற்கு வீட்டுப் பணிப்பெண் அமர்த்தப்பட்டார். சூடான பாலை ஆற்றுவதுபோலக் கடலை ஆற்றியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் வரவழைத்துச் சேர்த்தார். பவளங்கள் மூன்றாண்டுகள் உயிர்வாழ்ந்தன, பெருகவும் செய்தன. அலை செய்யும் வேலையைக் கையால் செய்த அந்தப் பணிப்பெண்ணின் பெயர் வரலாற்றில் இடம்பெறவில்லை. இன்றைய பவளத்தொட்டியில் இரவும்பகலும் சுழலும் நீரோட்ட விசிறிகள் அவருடைய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

இங்கே ஒரு சிறு உண்மையைக் குறித்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும். ஆனா தின் வளர்த்தது குளிர்கடலின் தனிப்பவளம். வெப்பக் கடல்களில் பாறைத்தொடர்களைக் கட்டும் பவளத்தைப்போல அதற்குச் சூரிய ஒளி கட்டாயமில்லை. அதனால்தான் லண்டனின் மங்கிய சன்னல் வெளிச்சத்தில் அது பிழைத்தது.

*

வாரிங்டன் 1852-ல் தம்முடைய குளத்துக் கணக்கைக் கடலுக்குக் கொண்டுபோனார். பாத்திரம் அதுபோன்றதே, கொள்கையும் அதுவே. வாலிஸ்னேரியாவுக்குப் பதில் கடற்பாசி, குளத்து நத்தைக்குப் பதில் கடல் நத்தை. நன்னீர்த் தொட்டியைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்றும் முயற்சி எழுத்தில் பதிவாகி நமக்குக் கிடைத்திருப்பது ஏறத்தாழ இங்கிருந்துதான். முடிவுகள் தடுமாறின. கரையில் மிகுதியாகக் கிடைத்த பழுப்புப் பாசிகள் அழுகி நீரைக் கெடுத்தன. பச்சைப் பாசிகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. குளத்தில் எளிதாக வந்த தெளிவு கடலில் நிலைத்து நிற்கவில்லை.

காரணங்களை நாம் இன்று அறிவோம். ஒரே வெப்பநிலையில் கடல்நீர் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே பிராணவாயுவைக் கொள்கிறது. கடல்நீர் காரத்தன்மை மிக்கது. உயிர்களின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா, காரநீரில் பன்மடங்கு நச்சாகிறது. குளத்தில் மீன் பொறுத்துக்கொள்ளும் அதே அளவு கடலில் கொன்றுவிடும். மீனின் உடலே இரண்டு நீரிலும் இருவேறு விதமாக இயங்குகிறது. குளத்து மீனின் இரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. ஆகவே நீர் இடைவிடாமல் உடலுக்குள் புகுகிறது. அது நீரைக் குடிப்பதில்லை, ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. கடல் மீனின் நிலை நேர்மாறு. அதன் உடல்நீரைக் கடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அது கடலைக் குடித்து, உப்பைச் செவுள்வழியாக வெளியே தள்ளி வாழ்கிறது. கடலில் வாழும் மீன் தாகத்தோடு வாழ்கிறது என்றால் மிகையில்லை.

இவற்றில் பெரும்பாலானவை விக்டோரியா காலத்தவருக்குத் தெரியாது. ஆனாலும் கடல் அவர்களை இழுத்தது. கண்ணாடிமீது விதிக்கப்பட்டிருந்த வரி 1845-ல் நீங்கியது. இருப்புப்பாதைகள் கடற்கரைவரை நீண்டன. 1853 மே மாதத்தில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. கடலின் அடித்தளத்தைப் பக்கவாட்டிலிருந்து, நின்ற நிலையில், நனையாமல் பார்க்கும் வாய்ப்பு பொதுமக்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது. அதற்கு உயிர்களைத் திரட்டித் தந்தவர்களில் ஒருவர் ஃபிலிப் ஹென்றி காஸ். இயற்கையியலாளர், ஓவியர், தீவிரச் சமயப் பற்றாளர். அவர் 1854-ல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'தி அக்வேரியம்'. மீன்தொட்டிக்கு அந்தப் பெயர் நிலைபெற்றது அந்நூலால்தான். பழைய லத்தீனில் அச்சொல்லுக்குக் கால்நடைகள் நீரருந்தும் இடம் என்று பொருள்.

கடலுக்குப் போக முடியாதவர்களுக்காகக் காஸ் ஒரு செய்முறையும் தந்தார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளவோடு நன்னீரில் கரைத்தால் கடல்நீர் ஆயிற்று. இன்று கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் கடலுப்புக் கலவையின் மூதாதை இதுதான். இந்தப் பட்டியலைச் சற்று நிதானித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நான்கில் ஒன்றும் சுண்ணாம்புச் சத்து அல்ல. கடல்நீரின் எடையில் அதன் பங்கு மிகச் சிறிது. ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் சுமார் 35 கிராம் உப்பில் கால்சியம் அரை கிராமுக்கும் குறைவு. கடற்சாமந்திக்கும் இறாலுக்கும் அந்தக் குறை உடனே உறைக்கவில்லை. பவளம் தன் வீட்டைக் கட்டுவதே அந்த அரை கிராமைக் கொண்டுதான் என்பது, பவளத்தை வளர்க்க முயன்றவர்களுக்குப் பிற்பாடு தெரியவரும்.

*

காஸின் நூல்கள் ஒரு பெரும் மோகத்தைக் கிளப்பிவிட்டன. சார்ல்ஸ் கிங்ஸ்லி 1855-ல் கடற்கரை அதிசயங்களைப் பற்றி 'கிளாகஸ்' எழுதினார். 1856 கோடையில் ஜார்ஜ் ஹென்றி லூயிஸும் மேரியன் எவன்ஸும் டெவன் மாவட்டத்தின் இல்ஃபிரகூம் கரையில் சாடிகளோடு அலைந்து கடல் உயிர்களைத் தேடினார்கள். லூயிஸ் அந்த அனுபவத்தைக் 'கடலோர ஆய்வுகள்' என்ற நூலாக்கினார். எவன்ஸ் அந்தச் செப்டம்பரில் தம் முதல் புனைகதையைத் தொடங்கினார். விரைவில் ஜார்ஜ் எலியட் ஆனார். இலக்கியமும் இயற்கை அறிவும் ஒரே பாறைக்குழியில் கைவிட்டுத் துழாவிய காலம் அது.

ஆனால் சாடியோடு போனவர்கள் அவர்கள் மட்டுமல்லர். ஆயிரக்கணக்கானோர் சுத்தியலும் உளியும் வாளியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறையோடு பெயர்த்து எடுக்கப்பட்ட கடற்சாமந்திகள் லண்டன் வீடுகளில் சில நாட்களில் செத்துத் துர்நாற்றம் வீசின. செத்தால் மீண்டும் போய்ப் பெயர்க்கலாம். காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்ற தன்வரலாற்றில் இதைப் பற்றிய பகுதி மனதைவிட்டு அகலாதது. மனிதக் கை படாமல் யுகங்களாகப் பூத்துக்கிடந்த பாறைக்குழிகள், தம் தந்தை அவற்றின் அழகை எழுதியதாலேயே சூறையாடப்பட்டதையும், அந்த அறிவு தந்தையை வாட்டியதையும் அவர் பதிவு செய்கிறார். ஒன்றை நேசிக்கக் கற்றுக்கொடுப்பதும் அதை அழிக்க வழிகாட்டுவதும் சில வேளைகளில் ஒரே செயலாகிவிடுகின்றன. இந்தப் பழி அக்வேரியத்தின் வரலாறு முழுவதும் உடன்வருகிறது.

மோகம் 1860களில் தணிந்தது. பெரும்பாலான தொட்டிகள் பரணுக்குப் போயின. எஞ்சி நின்றவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். லண்டனில் கடல் உயிர்களையும் கடல்நீரையும் விற்ற வணிகர். பல்கலைக்கழகப் படிப்பில்லாதவர். ஆனால் மற்றவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நீரைப் பார்த்தார். 1871-ல் லண்டனின் தென்புறத்தில், கிறிஸ்டல் பேலஸ் வளாகத்தில் அவர் அமைத்த கடல்நீர்க் காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கம் ஒன்று தரைக்கடியில் இருந்தது. நீராவிப் பொறி அங்கிருந்து நீரை மேலேற்றும். தொட்டிகளில் வழிந்து காற்றோடு கலந்து அது மீண்டும் இருளுக்குள் இறங்கும். நீரை மாற்றுவதில்லை, ஓடவிடுவதே தூய்மை என்பது அவர் கொள்கை. இன்று பவளத்தொட்டியின் அடியில் அலமாரிக்குள் மறைந்திருக்கும் 'சம்ப்' என்ற இரண்டாம் தொட்டி, லாயிடின் நிலவறையின் வழித்தோன்றல்தான். நேப்பிள்ஸில் ஆண்டன் டோர்ன் நிறுவிய புகழ்பெற்ற கடல் ஆய்வகத்தின் காட்சியகத்திற்கும் லாயிடின் ஆலோசனை பயன்பட்டது.

தம் முறை ஏன் பலித்தது என்பதற்கு லாயிட் தந்த விளக்கம் பிராணவாயு. அது பாதி உண்மை. மறுபாதி 1877-ல் வெளிப்படத் தொடங்கியது. சாக்கடை நீரை மணல்வழியே வடிக்கும்போது அதிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது உயிருள்ள ஏதோ ஒன்று என்று ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் காட்டினார்கள். 1890-ஐ ஒட்டி ருஷ்ய அறிவியலாளர் செர்கே வினகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியங்களைத் தனியே பிரித்தெடுத்தார். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுபவை ஒரு வகை. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுபவை இன்னொரு வகை. வாரிங்டனின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நான்காவது தரப்பு இதுதான். குளத்தில் இது இருப்பதை அறியாமலேயே காலம் தள்ளலாம். கடலில் இது குடியேறும்வரை ஓர் உயிரும் தங்காது.

*

இனிப் பவளம். பாறை கட்டும் வெப்பக்கடல் பவளங்களின் சதைக்குள் மஞ்சள்பழுப்பு நிறத்தில் நுண்ணிய அணுக்கள் இருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார்கள். 1881-ல் ஜெர்மானியரான கார்ல் பிராண்ட் அவற்றை உயிரினங்களுக்குள் வாழும் பாசிகள் என்று இனங்கண்டு 'சூசாந்தெல்லா' எனப் பெயரிட்டார். அவை அங்கே செய்வது என்ன என்ற வினா நெடுங்காலம் நீடித்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1928-29-ல் ஆய்வு நடத்திய பிரிட்டிஷ் குழு அதை ஆராய்ந்தது. 1950களின் இறுதியில் ஜமைக்காவில் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தைத் தடமாகக் கொண்டு அளந்து, வெளிச்சத்தில் பவளம் பன்மடங்கு விரைவாகச் சுண்ணாம்பைப் படியவைக்கிறது என்று காட்டினார். உள்ளிருக்கும் பாசி ஒளியை உண்டு பவளத்திற்கு உணவூட்டுகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது.

வாரிங்டன் தொட்டி முழுவதும் தேடிய செடிக்கும் உயிருக்குமான ஒப்பந்தம், பவளத்தின் சதைக்குள்ளேயே ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. குளத்தின் கணக்கு பொய்யானதன்று. கடல் அதை வேறோர் ஏட்டில் எழுதி வைத்திருந்தது. தொட்டி வளர்ப்பில் அதன் பொருள் இதுதான்: பவளத்திற்குத் தேவை கடற்பாசித் தோட்டமல்ல, வெளிச்சம், ஓட்டம், சுண்ணாம்பு, அழுக்கற்ற நீர்.

இதை நடைமுறையில் கண்டவர்கள் வெப்பக்கடலின் ஓரத்தில் இருந்தார்கள். நியூ கலிடோனியாத் தீவின் நூமேயாவில் ரெனே கத்தாலா என்ற பிரெஞ்சு உயிரியலாளர் 1956-ல் திறந்த காட்சியகத்தில், விரிகுடாவின் நீரும் இயற்கை வெளிச்சமும் இடையறாது கிடைக்க, பவளங்கள் செழித்தன. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் இன்னும் எளிய வழியைக் கண்டார். கடலிலிருந்து பாறைத்துண்டுகளை, அவற்றில் ஒட்டியிருக்கும் பாசி, புழு, கடற்பஞ்சு எல்லாவற்றோடும் எடுத்துவந்து தொட்டியில் அடுக்கினார். கடல்நீர், சூரிய வெளிச்சம், மெல்லிய காற்றுக்குமிழி, வேறெதுவும் இல்லை. பவளங்களும் மீன்களும் வாழ்ந்தன. 1961-ல் அவர் அமெரிக்க இதழொன்றில் இம்முறையை எழுதினார். பாறையையும் மணலையும் கொதிக்கவைத்து, பவளக் கூடுகளை வெளுத்து வைத்துத் தொட்டியைத் தூய்மைப்படுத்திக்கொண்டிருந்த மேலைநாட்டவர் பலருக்கு அது நம்பக்கூடியதாக இல்லை. அவர்கள் அழுக்கென்று கழுவி எறிந்ததுதான் தொட்டியை இயக்கும் உயிர் என்று அவர் சொன்னார். அந்தக் கல்லுக்கு இன்று உயிர்ப்பாறை என்று பெயர்.

அடுத்த திருத்தம் கடலிலிருந்து தொலைவிலிருந்த ஜெர்மானிய மொழி வளர்ப்பாளர்களிடமிருந்து வந்தது. 1970களிலும் 80களிலும் உருவான அந்த வழிக்குப் பெர்லின் முறை என்று பெயர். உயிர்ப்பாறை, வலுவான விளக்கு, கரைந்த கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவி ஆகியவற்றோடு நான்காவதாகச் சேர்ந்தது நமக்கு மிகப் பழக்கமான ஒன்று: சுண்ணாம்புத் தெளிநீர். வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பை நீரில் கரைத்து, அடியில் மண்டி தங்கியபின் மேலே நிற்கும் தெளிவை இரவு நேரத்தில் சொட்டுச்சொட்டாகத் தொட்டியில் விடும் வழக்கத்தைப் பரப்பியவர் பீட்டர் வில்கென்ஸ். காஸின் பட்டியலில் விடுபட்டது ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு சேர்க்கப்பட்டது. பவளம் வளர்ந்தது. வளர்ந்த கிளையை ஒடித்து இன்னொருவருக்குக் கொடுக்க முடிந்தது. ஒடித்த கிளை அங்கே தனிப்பவளமாகத் தழைத்தது. பெர்லினில் டீட்ரிக் ஸ்டூபர் வளர்த்த ஒரு மான்கொம்புப் பவளத்தின் கிளைகள் கைமாறிக் கைமாறி உலகின் பல தொட்டிகளைச் சென்றடைந்தன.

*

சுண்ணாம்பிலிருந்து பவளம் என்ற இந்த வரியைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு அதன் மறுதிசை நினைவுக்கு வராமலிருக்காது. பவளத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்த கரை நம்முடையது. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டுச் சூளைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போயின. அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. திட்டுகளை வெட்டியதே அதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. 1986-ல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-ல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள இடத்தில் சேர்க்கப்பட்டன. ஆகவே வீட்டுத் தொட்டியைக் கடல்நீருக்கு மாற்ற விரும்பும் நம்மவர் ஒன்றை முதலில் அறிந்திருக்க வேண்டும். கல் பவளத்தை வைத்திருப்பது இங்கே குற்றம். கரையொதுங்கிய செத்த கிளைக்கும் அது பொருந்தும். அச்சட்டத்தைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. உலகச் சந்தைக்கு மீன் பிடிப்பதற்காகப் பிலிப்பைன்ஸ் கடலில் 1960கள் தொட்டுச் சயனைடு தெளிக்கப்பட்டதையும், அதில் மீனோடு பவளமும் மடிந்ததையும் எண்ணினால், டெவன் பாறைக்குழிகளுக்கு நேர்ந்தது ஒருமுறை மட்டும் நேர்ந்ததல்ல என்பது விளங்கும்.

சட்டம் இடமளிக்கும் உயிர்களோடு மாற்றத்தைத் தொடங்குபவருக்கு வரலாறு சொல்வதெல்லாம் சில வரிகளில் அடங்கிவிடும். நன்னீர் மீன்களுக்கு வேறு வீடு பார்க்க வேண்டும். அவற்றில் மிகப்பல கடலைத் தாங்கா. பழைய சரளையை நீக்கிவிட வேண்டும். நோய்க்கு எப்போதோ ஊற்றிய செம்பு மருந்து அதில் தங்கியிருந்தால் இறாலும் நத்தையும் மடியும். வடிகட்டித் தூய்மையாக்கிய நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். அதன்பிறகு நான்கு முதல் ஆறு வாரங்கள் மீன் எதுவும் விடாமல் காத்திருக்க வேண்டும். அம்மோனியா ஏறி இறங்கும். நைட்ரைட் ஏறி இறங்கும். வினகிராட்ஸ்கியின் பாக்டீரியங்கள் கண்ணுக்குத் தெரியாமல் குடியேறும். ஆவியாகும் நீரை ஈடுசெய்ய உப்புநீர் ஊற்றலாகாது. வெறும் நீர்தான் ஆவியாகிப் போகிறது, உப்பு உள்ளேயே நிற்கிறது. ஒன்றுமே இல்லாத தொட்டியை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமைதான் இதில் கடினமானது. காஸின் வாசகர்களுக்கு வாய்க்காதது அதுவே.

இந்த வரலாற்றின் கடைசித் திருப்பம் அண்மைக்காலத்தது. லாயிடின் காட்சியகம் இருந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஹார்னிமன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஜேமி கிராக்ஸ் தலைமையில் 2012-ல் ஒரு முயற்சி தொடங்கியது. கடலில் பவளங்கள் ஆண்டுக்கொருமுறை, குறிப்பிட்ட நிலவுநாளையொட்டி, இரவில் ஒருசேரக் கருவணுக்களை வெளியிடுகின்றன. அந்தக் கடலின் ஆண்டு வெப்ப மாற்றத்தையும் பகற்பொழுதின் நீளத்தையும் நிலவின் வளர்பிறை தேய்பிறையையும் சிறு விளக்குகளால் தொட்டிக்குள் நடித்துக்காட்டினார்கள். லண்டனில், மூடிய தொட்டியில், செயற்கை நிலவை நம்பிப் பவளங்கள் கருவணுக்களை வெளியிட்டன. அந்த முறையைக் கொண்டு 2019-ல் புளோரிடாவில், அக்கரையில் அநேகமாக அற்றுப்போன தூண்பவளத்தைத் தொட்டியில் இனம்பெருக்கினார்கள். 2023 ஜூலையில் அதே கரையில் ஆழமற்ற விரிகுடா ஒன்றின் நீர் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நாற்றங்கால்களில் வளர்ந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான பவளத்துண்டுகளை வாரிக்கொண்டு அறிவியலாளர்கள் நிலத்திலிருந்த தொட்டிகளுக்கு ஓடினார்கள். கடலிலிருந்து தொட்டிக்கு வரும் அதே பயணம்தான்; ஆனால் இம்முறை உயிர் காப்பதற்காக.

நம் கரையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவின் சிதைந்த திட்டுகளில், செயற்கைத் தளங்களில் பவளத்துண்டுகளைப் பொருத்தி வளர்த்துவருகிறது. கிளையை ஒடித்து நட்டால் தழைக்கும் என்ற அதே உண்மைதான் அங்கும் கைகொடுக்கிறது. 2010-லும் 2016-லும் வந்த வெப்ப வெளிறல்கள் அந்தத் திட்டுகளையும் தாக்கின.

தொட்டி கடலைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல நாம் துணியவில்லை. புளோரிடாவில் கரைசேர்த்த துண்டுகள் கடல் குளிர்ந்தபின் திரும்பிச் செல்லவே எடுக்கப்பட்டன. திரும்பிச் செல்ல ஒரு கடல் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஆனால் தொட்டியின் வரலாறு ஒன்றைத் தெளிவாகவே காட்டுகிறது. மீனை மட்டும் பார்த்தவர்கள் மீனையும் இழந்தார்கள், கரையையும் வெறுமையாக்கினார்கள். நீரைப் பார்த்தவர்களால் கொஞ்சம் காப்பாற்ற முடிந்தது. ஆனா தின் வீட்டுச் சன்னலருகே தினமும் நீரை ஆற்றி ஊற்றிய அந்தப் பெண் முதல், பொய்நிலவை ஏற்றி இறக்கியவர்கள் வரை, பவளத்தை வாழவைத்தவர்கள் செய்தது பெரும்பாலும் ஒரே வேலைதான்: அன்றன்று நீரைக் கவனித்தல். பெருங்கடலின் விஷயத்திலும் நாம் செய்யாமல் விட்டிருப்பது அதைத்தான்.